நாலாயிரத்து எண்ணூறுக்கு இரு பக்கமும்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தபோது, வலியை மறக்க 4800ஐ வகுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, நாற்பது என்று யார் வந்து கேட்டாலும் மிச்சமில்லாமல் பங்கு வைக்கிற நல்ல பிள்ளை அது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் மோசம். 4799, 4801 இரண்டுமே பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர எவருக்கும் மசியாதவை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒருத்தி அகப்பட்டால் என்ன ஆவாள் என்று கவலை வந்துவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் காலை வெயில் (வேண்டாம், வெயிலில் தொடங்கிய கதைகள் போதும்.)

2

துர்காதேவி பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்துபோனதும், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து விரலால் முறுக்குவாள். பழைய பாவில் 4800 இழை. முறுக்கி முடித்தபோது புதுப் பாவில் ஒன்று மிஞ்சியது.

“இன்னாமா, ஒண்ணு தொங்கிக்கினு இருக்குது?” என்றார் தறிக்காரர் சிவபாலன்.

“பாவு ஓட்னவங்க ஒண்ணு சேத்து உட்டிருப்பாங்கண்ணே.”

அப்படியானால் புதுப் பாவு 4801. மிஞ்சியதை அறுத்துப் போட்டால் தீர்ந்தது. இல்லையென்றால் புதுப் பாவும் 4800தான்; பழைய இழை இரண்டை எங்கோ ஒரே இழையோடு முறுக்கிவிட்டாள், முறுக்கு 4799தான். சீப்பு மாதிரியான அச்சின் வழியே பாவை இழுக்கும்போது அந்த இடம் சிக்கி அறும். அறுந்த இழையை ஒட்டிவிடலாம். துர்காவின் பயம் வேறு. வலது கண் எப்போதோ போனது; ஆடி மாதத்திலிருந்து இடது கண்ணிலும் ஒரு மங்கல். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கண்ணும் போய்விட்டால் வீட்டில் (முடிக்க மனம் வரவில்லை.)

3

முறுக்குகளை நாற்பது நாற்பதாகப் பிடித்து எண்ணினாள். கடைசிப் பிடியில் நாற்பது. அப்பாடா! மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்பது. எந்தக் கண்ணைச் சந்தேகப்பட்டாளோ, அதே கண்ணால்தான் எண்ணவும் வேண்டியிருந்தது.

“இன்னொருக்கா எண்றேன்ணே.”

“எத்தினி வாட்டிமா? இழுத்தா தெரிஞ்சிடப் போவுது.”

(எண்ணைத் தேர்ந்தவன் நான். 4801 என்று எழுதினால் அவள் தப்பித்தாள். எழுதியும் பார்த்தேன்.)

சிவபாலன் இழுத்தார். பாவு வழுக்கிக்கொண்டு வந்தது. துர்கா சிரித்தபடி

அங்கேயே நிறுத்தி, அதை அடித்துவிட்டேன். சிரித்துவிட்டால் டாக்டரிடம் போகமாட்டாள். அதே மங்கலோடு அடுத்த தறிக்குப் போய் உட்காருவாள். 4799 என்று எழுதினால் போவாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். பிறகு யார் கூப்பிடுவார்கள்? எந்த எண்ணை எழுதப் போனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

4

சிவபாலன் பாவைப் பிடித்துவிட்டார்.

“இழுக்கட்டுமா துர்கா?”

மிஞ்சிய இழையைச் சுண்டுவிரலில் சுற்றிச் சுற்றி, துர்காவின் விரல் நுனி சிவந்துவிட்டது.

“இருண்ணே,” என்றாள். இதை நான் எழுதத் திட்டமிடவில்லை. “என் கண்ணு

மீதியை அவள் சொல்கிறாளா, முழுங்குகிறாளா என்று நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எண்ணையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் ஆகட்டும். சிவபாலன் இன்னும் பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.