நான்கு அங்குலம் தூக்கிய வண்டி

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்பிலிருந்து வந்தது. மலேசியாவில், கிள்ளானை அடுத்த காப்பாரில் பாலன் பட்டறைக்கு என் காரின் எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். கழிப்பறைக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முறிந்த ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு) ஒன்றை வைத்திருந்தார்கள். "யாருது பாஸ் இது?" என்றேன். "அந்த அக்காவோடது" என்று பாலன் கைகாட்டினார். உயரமாகத் தூக்கிவைத்த சாம்பல் நிற ஜீப்பின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

நான் பார்த்தது இவ்வளவுதான். கேரன் என்ற பெயர் உட்பட மீதியெல்லாம் என் சரக்கு.

2.

வானம் கருத்திருந்தது. கிள்ளான் ஆற்றின் மீது விதியின் நிழல் மெல்லப்

(வேண்டாம். விதிக்கும் ஆக்சிலுக்கும் என்ன சம்பந்தம்?)

2, மறுபடியும்.

கேரனுக்கு முப்பத்தைந்து வயது. அவளுடைய அப்பா கொர்னேலியஸ், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, ரயில்வேயிலேயே ஓய்வு பெற்று, கிள்ளானில் தாழ்வான ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வாங்கியவர். வாரத்துக்கு மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். ஒரு வெள்ளத்தில் இரண்டு நாள் மாடியிலேயே மாட்டிக்கொண்டார். டயாலிசிஸ் தவறியதால் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. மகள் பயப்படுவாளே என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்த வாரமே கேரன் பழைய ஜீப் ஒன்றை வாங்கினாள். அடுத்த மாதம் அதை நான்கு அங்குலம் தூக்கினாள்.*

(* வண்டியை உயர்த்திக் கட்டுவதைத்தான் தூக்குவது என்கிறார்கள். மற்றவர்கள் காட்டில் சேறடிக்கத் தூக்குகிறார்கள். கேரன் காட்டுப் பக்கமே போனதில்லை.)

அப்பா ஏறுவதற்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியும் வண்டியிலேயே இருந்தது. "ஏணி வெச்சு ஏறுற டெக்சி லா இது" என்பார் அவர்.

தூக்கிய நாளிலிருந்து முன் ஆக்சில் சாய்வாகவே சுழன்றது. திருப்பத்தில் டக் டக் என்று சத்தம். எட்டு மாதத்தில் முறிந்தது. உருப்படி சரியில்லை என்று நினைத்து, பழைய பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் அதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் போட்டாள். அதுவும் முறிந்தது. அப்போது நவம்பர். மழைக்காலம் தொடங்கிவிட்டது.

3.

"ரெண்டு இஞ்ச் இறக்கிரும்மா" என்றார் பாலன். "ஆக்சில் நேரா நிக்கும், ஒடையாது."

"இறக்குனா தண்ணி எஞ்சின்ல ஏறிரும், அண்ணே."

"அப்போ மூணாவது வாங்கு. முட்டுக் கொடுக்க என்கிட்ட இன்னொரு கதவு இருக்கு."

நான் எழுதினேன்: கேரன் கண்ணீருடன் தலையசைத்தாள்.

அந்த வரிக்குப் பிறகு இரண்டு நாள் ஒரு சொல்லும் நகரவில்லை. தப்பு என்னுடையது. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைக் கண்டவள் இரண்டு அங்குலத்தை விட்டுக்கொடுப்பாளா? கண்ணீரையும் தலையசைப்பையும் சேர்த்தே கோடு போட்டு அடித்தேன்.

அடித்ததும் அவள் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள். (சரியாக எழுத வேண்டுமே என்று நானும் என் காருக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். மனைவி காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.) முன்சக்கரங்களின் இரண்டு ஆக்சில்களும் நடுவிலுள்ள கியர்ப் பெட்டியிலிருந்து கிளம்புவதை அவள் பார்த்தாள். வண்டியைத் தூக்கியபோது அந்தப் பெட்டியும் சேர்ந்தே மேலே போயிருந்தது; ஆக்சில்கள் சாய்ந்தது அதனால்தான்.

"அண்ணே, வண்டிய ஏன் இறக்கணும்? இந்தப் பெட்டிய மட்டும் இறக்குனா?"

பாலன் டார்ச்சை வாங்கிக்கொண்டு அவரும் உள்ளே போனார்.

"ஒரு இஞ்ச் இறக்கலாம். பெட்டி மூடினது, தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது. பெட்டிக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவுல வைக்க இரும்பு வளையம் கடையணும், நீளமா போல்ட் வேணும். ஆனா நான் பொறுப்பு எடுக்க மாட்டேன்."

"நான் கேட்டேனா?"

கிள்ளானில் ஒரு லேத் பட்டறையில் நான்கு வளையங்கள் கடைந்தார்கள். ஒன்று மயிரிழை தடிப்பாக இருந்தது. கேரன் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் தடிப்பு. மறுபடியும் கொடுத்தாள். லேத்காரர் அவளைச் சபித்துக்கொண்டே மூன்றாம் முறை சரியாகக் கடைந்தார். மூன்றாவது ஆக்சிலை அவளே தாங்கிப் பிடித்து ஏற்றினாள். ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் முழுக்க ஒடித்தாள், அந்தப் பக்கம் முழுக்க ஒடித்தாள். பட்டறையைச் சுற்றி வந்தாள். சத்தமில்லை.

அவளைப் படைத்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

4.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் வெள்ளம் வருகிறது, ஜீப் கடந்துபோகிறது. இன்னொன்றில் நட்டநடுத் தண்ணீரில் ஆக்சில்

இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். பெட்டியை ஒரு அங்குலம் இறக்கியது போதுமா என்று பாலனுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? மழையை நான் எழுத மாட்டேன். அது தானாக வரும்.

வந்தால், நீங்கள் கிள்ளான் பக்கம் இருந்தால், ஒரு உதவி செய்யுங்கள். முழங்கால் தண்ணீரில் சாம்பல் நிற ஜீப் ஒன்று வரும். பின்சீட்டில் சிவப்பு முக்காலி இருக்கும். அது முனையில் திரும்பும்போது காது கொடுத்துக் கேளுங்கள். டக் டக் என்று கேட்டால், வண்டிக்குப் பின்னாலேயே போங்கள். தள்ள ஆள் வேண்டியிருக்கும்.

கேட்காவிட்டால் ஒதுங்கி வழி விடுங்கள். முன்சீட்டில் இருப்பவர் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும்.