நெருங்கியவர் குரல்

செத்தவர்களின் கடைசி நினைவைக் காட்டும் கருவிக்கு ஒரு வீம்பு உண்டு. நெருங்கியவர் குரல் கேட்டால்தான் திறக்கும். பொழுது சாய்ந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் திறக்காது.

தடயக் கிடங்கில் பின்மண்டையில் அடிபட்டு இறந்து கிடந்தவர் எங்கள் போலீஸ் ஸ்டேஷனின் கிடங்கு அதிகாரி. கேஸ் என்னுடையது. முந்தைய நாள் அவரோடு சண்டை போட்ட பழைய திருடன் ஒருவனை லாக்கப்பில் தள்ளியிருந்தேன். "நான் இல்லம்மா" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் நம்பவில்லை. அவன் தூக்கில் தொங்குவதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

கருவியின் முன் முதலில் இறந்தவரின் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, அக்கா வந்திருக்கேன்டா."

திரை இருட்டாகவே இருந்தது. சொத்துத் தகராறில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது என்று அழுதாள்.

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க கூப்பிட்டுப் பாருங்கம்மா. தினமும் கேட்ட குரல்தானே."

"சார்" என்று கருவியைப் பார்த்துக் கூப்பிட்டேன். திரை அசையவில்லை.

அசையாதுதான். இறந்தவர் ஸ்டேஷனில் மட்டும்தான் எனக்கு சார். ஒரே ஸ்டேஷனில் காதல் என்றால் ஒருவருக்கு மாற்றல் என்பது துறை விதி. எங்கே தூக்கியடிப்பார்களோ என்ற பயத்தில், எதிரெதிரே வந்தாலும் அவர் சுவரைப் பார்ப்பார், நான் ஃபைலைப் பார்ப்பேன். எங்கள் நடிப்புக்குப் பரிசே கொடுக்கலாம்.

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டேன்.

"டேய் பூனை, நான்தாண்டா."

திரை வெளிச்சமானது. அக்கா என்னையே பார்த்தாள்.

கிடங்கில் வேறு யாரும் இல்லை. பெட்டி அடுக்கும் இயந்திரக் கை திரும்பும்போது, குனிந்திருந்தவர் மண்டையில் இடித்தது. அவர் தலையைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்தார். பாதி திறந்த கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. என் குரல், கூடவே மேலதிகாரியின் குரல். அவர் மனதில் ஓடியதைக் கருவி அவர் குரலிலேயே சொன்னது.

"அவதான். கூப்பிடலாமா... பெரியவர் கூட வர்றாரே. மாட்டிக்குவோம். போகட்டும், சாயங்காலம் சொல்லிக்கலாம். எப்படியும் திட்டுவா."

என் காலடி தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பக்கத்து ஸ்டேஷனுக்குத்தான் மாத்தியிருப்பேன்."

பக்கத்து ஸ்டேஷன் தெருக்கோடியில் இருக்கிறது. இதற்காகவா அவரைச் சாகவிட்டேன்? வாய்விட்டு அழக்கூட எனக்கு இங்கே பழக்கமில்லை. லாக்கப் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.