ஒரே துண்டு வில்லும் மூன்று துண்டு வில்லும்

1

இந்தக் கதை என் வாயால் வந்த வினை. எழுதுகிறவர்கள் கனவு கண்டேன், பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது என்று ஏதாவது கௌரவமான காரணம் சொல்வார்கள். என் காரணம் அவ்வளவு கௌரவமானதல்ல. ஒரு வில் கடையில், சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லித் தொலைத்தேன். பதினோரு நாளாக அக்கா என்னோடு பேசவில்லை. பேசாதவளிடம் பேசுவதற்கு எனக்குத் தெரிந்த வழி எழுதுவதுதான். ஆகவே உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் தன் கடைசி வில்லைத் தேடி அந்தக் கடைக்கு

வேண்டாம். அக்காவுக்கு மீசை ஒட்டி ராணுவத்துக்கு அனுப்பிவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியும், அது போதும் என்னைத் தொலைக்க.

அவளுடைய வலது தோள்

இதுவும் வேண்டாம். தோளில் தொடங்கினால் நீங்கள் அவளை நோயாளியாகத்தான் பார்ப்பீர்கள். கடைக்காரரை நான் அப்படிப் பார்க்கவைத்ததுதான் இத்தனைக்கும் காரணம்.

2

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறாள். கண்ணாடி வில்லைகளின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் பார்வை ஒரு சாண் தூரத்தைத் தாண்டாது. வேலை முடிந்ததும் ஊர் ஓரத்து மைதானத்துக்குப் போய், இருபது மீட்டர் தள்ளி நிற்கும் வைக்கோல் பலகையைப் பார்த்து அம்பு விடுவாள். "கண்ணுக்கு லீவு குடுக்கறேன்டா" என்பாள்.*

(* அவள் விடுவது பழைய முறை. வில்லில் குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது. இலக்கைப் பார், இழு, விடு. எனக்கு இது புரிந்ததே இல்லை. எனக்கு ஒரு வரி எழுதுவதற்கே நாலு கருவி வேண்டும்.)

இத்தனை வருஷமும் அவள் வில்வித்தைச் சங்கத்தின் வில்லை இரவல் வாங்கித்தான் விட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் மருத்துவர், தோள் தசைகளின் வலு இனிக் குறைந்துகொண்டே வரும் என்றார். மெதுவாகத்தான் குறையுமாம். எவ்வளவு மெதுவாக என்று அவரால் சொல்ல முடியவில்லை. இதை அக்கா என் ஒருவனிடம்தான் சொன்னாள். சொன்ன கையோடு, "எனக்குன்னு ஒரு வில் வாங்கப் போறேன், கூட வா" என்றாள்.

3

வில் கடை ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரங்கள் சுற்றச் சுற்ற, மாடித் தரை மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது. நீராவி படிக்கட்டு வழியாக ஏறி வந்து சன்னல் வெளிச்சத்தில் கலந்தது. சுவர் முழுக்க வில்கள். மதிய வெயிலில் அவை மூச்சு விடுவதுபோல எனக்குத் தோன்றியது. (இந்த வரியை அடித்தேன், பிறகு திரும்பவும் எழுதினேன். உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது.) அங்கே நேரம் நகர்ந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

கடைக்காரர் இரண்டு வில்லை எடுத்து மேசைமேல் விரித்த கம்பளியில் வைத்தார். இரண்டும் ரீகர்வ் வகை. நாண் மாட்டிய பிறகும் நுனிகள் முன்பக்கமாக நெளிந்து நிற்கும்.

ஒன்று ஒரே துண்டு. நுனியிலிருந்து நுனிவரை மரம் ஒட்டு தெரியாமல் ஓடியது. தேன் நிறம். அக்கா அதைத் தொட்ட விதத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இன்னொன்று மூன்று துண்டு. நடுவில் கனமான கைப்பிடி, மேலும் கீழும் திருகாணியால் மாட்டிய, வளைந்து கொடுக்கும் இரண்டு கைகள். "இதுல கைய மட்டும் மாத்திக்கலாங்க. பலம் ஏற ஏற கனமான கை, வேணாம்னா லேசான கை. பிடி அதேதான்" என்றார் கடைக்காரர். "அந்த ஒத்த வில்லு அப்படியில்ல. அத இழுக்க எத்தன பவுண்டு பலம் வேணுமோ கடைசி வரைக்கும் அத்தன பவுண்டுதான்."

அவர் கடையில் ஒரு விதி இருந்தது. வில்லை முழுக்க இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து, நாணை விடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால் அந்த அடி முழுக்க வில்லின் மேலேயே விழும், மரம் பிளந்துகூடப் போகும். "இழுக்கறத எல்லாரும் இழுத்துருவாங்க. திரும்பக் கொண்டாற முடியுதான்னுதான் நான் பாப்பேன்" என்றார்.

அக்கா ஒரே துண்டு வில்லை எடுத்தாள். இழுத்தாள். நாண் அவள் வாயோரத்தைத் தொட்டது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. திரும்பக் கொண்டுவரும்போது பாதி வழியில் அவள் முழங்கை நடுங்கியது.

இந்த இடத்தில் எல்லாம் மெதுவாகிறது. சலவை இயந்திரத்தின் சத்தம் எங்கேயோ போய்விட்டது. நான் பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக நாணை இறக்கினோம். அவ்வளவோடு நின்றிருக்கலாம். நான் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னேன்:

"அக்காவுக்குத் தோள்ல கொஞ்சம் பிரச்சினைங்க. போகப் போக பலம் கொறையும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

கடைக்காரர் நல்ல மனிதர், அதுதான் சங்கடம். அவர் குரல் அந்த நிமிஷமே இறங்கிப்போனது. தேன் நிற வில்லை அக்காவின் கையிலிருந்து பதமாக வாங்கிச் சுவரில் மாட்டினார். மூன்று துண்டு வில்லுக்கு, இருப்பதிலேயே லேசான கைகளைத் தேடி எடுத்து வந்தார். அக்கா "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, எதையும் வாங்காமல் படியிறங்கினாள்.

தெருவில் அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எது எனக்கு முடியும்னு நான் அவர்கிட்ட கேட்டிருப்பேன்டா. இப்ப நான் கேக்காமலே அவர் சொல்றாரு."

4

எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: அவள் மூன்று துண்டு வில்லை வாங்குகிறாள். வருஷத்துக்கு ஒருமுறை கைகளை மாற்றுகிறாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் லேசானது. பிடி அதேதான், அவளும் அதே அவள்தான். புத்திசாலித்தனமான முடிவு. எழுதி முடித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். திருகாணியைக் கழற்றும்போதெல்லாம் அவளே தன் தோளுக்குத் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாவது: அவள் ஒரே துண்டு வில்லை வாங்குகிறாள். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, முடிகிறவரை விடுகிறாள். பிறகு அது சுவரில் தொங்குகிறது. அவள் அதைப் பார்த்தபடி

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

மூன்றாவது: இரண்டையும் வாங்குகிறாள். இது வெறும் மழுப்பல் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வாசகர் தலையில் மிளகாய் அரைக்கலாம், அக்காவிடம் நடக்காது.

பதினோராம் நாள் மத்தியானம் எழுதியபடியே கண்ணயர்ந்துவிட்டேன். தூக்கத்தில் நான் ஒரு வில்லை இழுத்துக்கொண்டு நின்றேன். கையில் அம்பு இல்லை. விடவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. தோள் எரிந்தது. யாராவது வந்து முழங்கையைப் பிடிக்கமாட்டார்களா என்று பார்த்தேன். அதே நேரம் யாரும் வந்துவிடக்கூடாதே என்றும் பயந்தேன். விழித்தபோது கன்னத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. அந்தப் பயம் அன்று கடையில் அவளுக்கும் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுதியதையெல்லாம் ஒரு உறையில் போட்டு அவள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

5

பன்னிரண்டாம் நாள் உறை திரும்பி வந்தது. கண்ணாடி வில்லைகளில் புள்ளி வைக்கும் பேனாவால் திருத்தியிருந்தாள். 'நாண் மூக்கைத் தொட்டது' என்று எழுதியிருந்தேன், அதை அடித்து 'வாயோரம்' என்று போட்டிருந்தாள். (மேலே நீங்கள் படித்தது அவளுடைய திருத்தம்.) மூச்சு விடும் வில்கள் பக்கத்தில் 'கதை விடாதே' என்று எழுதியிருந்தாள். மூன்று முடிவுகளுக்கும் சேர்த்து ஒரே கோடு, மூலைக்கு மூலை. கீழே: 'இது உன் வேலை இல்ல. ஞாயித்துக்கெழம மைதானத்துக்கு வா.'

போனேன். எனக்கு முன்பே அவள் அம்பு விடும் கோட்டருகே நின்றிருந்தாள், புது வில்லோடு. அவள் தனியாகப் போய் வாங்கியது. புல்லின் மேல் வெயில் மங்கலாகப் படர்ந்திருந்தது. அம்புகள் போவது கண்ணுக்குத் தெரியவில்லை. வைக்கோலில் தைக்கும் சத்தம் மட்டும், யாரோ கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல, விட்டு விட்டுக் கேட்டது.

அவள் இழுத்தாள். என் வலது கால் தானாக ஓர் அடி முன்னே போனது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நாண் வாயோரம் வந்தது. கை நடுங்கியது. நடுக்கத்தோடு அங்கேயே நின்றாள். ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும், விடாமல் மெல்ல மெல்ல இறக்கினாள். ரொம்ப நேரம் ஆனது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். முழுக்க இறக்கிய பிறகு மூச்சு வாங்கி, அதே அம்பைத் திரும்பவும் இழுத்து விட்டாள்.

பக்கத்துக் கோட்டில் நின்ற சங்கத்து ஆள் என்னிடம் வந்தார். "உங்க அக்காதானே? ரெண்டையும் பாத்துட்டு வந்ததா சொன்னாங்க. ஏன் இந்த வில்ல எடுத்தாங்க? கை வேற நடுங்குது போல."

எனக்குக் காரணம் தெரியும். அது மட்டுமல்ல, அந்த வில் அவள் கையில் எத்தனை நாள் இருக்கும் என்று அவள் போட்டுவைத்திருக்கும் கணக்கும் தெரியும். நான் வந்ததுமே சொல்லியிருந்தாள். எல்லாம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"அவங்களையே கேளுங்க" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கோட்டுக்குப் போனார். அக்கா திரும்பவில்லை, ஆனால் கேட்டிருந்தாள். "டேய்" என்றாள். "அந்த அம்புக்கூட்ட எடுத்துட்டு வா." இத்தனை நாளுக்குப் பிறகு என்னை அவள் வேலை வாங்குகிறாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எந்த வில் என்று நீங்களும் கேட்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், கேட்க உரிமை உண்டு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்து அவள் கையில் கொடுத்துப் பாருங்கள், அதைத் தடுக்க நான் யார். நான் அம்புக்கூட்டை எடுத்துக்கொண்டு போகிறேன், அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.