மதுரைக் கிளைக்கு இரண்டாவது ஆள்

சிம்மக்கல்லில் ஒரு மனுஷன் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து காது கொடுப்பதற்கு இன்றைய விலை இருநூறு ரூபாய். ஆட்டோக்காரர் சோணை முந்நூறில் ஆரம்பித்தார், நாகசுப்பிரமணியன் நூறில். நடுவில் வந்து முடிந்தது.

"கட்சிக் கூட்டத்துக்கே தலைக்கு இருநூறும் பிரியாணியும் தர்றாய்ங்கய்யா."

"அங்க வெயில்ல உக்காரணும். இங்க ஃபேன் ஓடுது, அதைக் கழிச்சுக்கப்பா."

சாயப்பொடிக் கடையை விற்றுவிட்டு மாடி அறையை மட்டும் வைத்துக்கொண்டவர் நாகசுப்பிரமணியன். வயது எழுபத்தெட்டு. சுதந்திரச் சந்தைச் சிந்தனையாளர்களின் உலக வலையம் ஒன்றுக்கு மதுரைக் கிளைச் செயலாளர். அறையில் ஏழு நாற்காலிகள். மற்ற ஆறு பேரும் சுவரில் படமாக இருந்தார்கள். கடைசியாகப் போனவர் சூடாமணி, போன தையில்.

தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. வலையத்தின் வரலாறு புத்தகமாகிறதாம். இந்த ஆண்டு இரண்டு பேராவது கூடிய கிளைகள் ஒரு பட்டியலில் வரும். கூடாதவை 'மறைந்தவை' என்று இன்னொன்றில். நாளை கடைசி நாள். உயிரோடு இருக்கும்போதே மறைந்தவர்களோடு அச்சேற அவருக்கு மனசில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு வரலாற்றைச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எங்கோ ஓர் ஏரிக்கரை விடுதியில் இருபத்திரண்டு பேர் கூடியது. விலையை அரசாங்கம் சொல்லக் கூடாது, விற்கிறவனும் வாங்குகிறவனும் பேசி முடிக்கட்டும் என்று அவர்கள் எழுதி வைத்தது. எழுபத்து நாலில், பெர்மிட்டுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த ஏழு மதுரை வியாபாரிகள் அதில் சேர்ந்தது.

"இதுக்கா ஏரிக்கரையில ரூம் போட்டாய்ங்க? எங்க ஊரு மாட்டுத் தரகர் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சே விலையை முடிச்சுருவாரு."

நாகசுப்பிரமணியன் சிரித்துவிட்டார். சூடாமணிக்குப் பிறகு அந்த அறையில் அவரை யாரும் மடக்கியதில்லை. உற்சாகமாக எதிர்வாதம் செய்தார்.

"அதெல்லாம் சரிங்கய்யா. போன வாரம் என் ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டு, கவர்மெண்டு ரேட்டுக்கு மேல சல்லிக்காசு தரமாட்டேன்னு நடுரோட்டுல நின்னது யாரு?"

பேசின மணிக்கு மேல் இருபது நிமிடம் ஓடியிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் சூடாமணியின் கையெழுத்து, கட்சிக் கூட்டங்களைப் பார்த்துக் கடுப்பாகி எழுதிய விதி: 'காசுக்கு வந்தவர் வருகையில் சேரமாட்டார்.' அன்றைக்கு அதை ஆதரித்து முதலில் கை தூக்கியவர் நாகசுப்பிரமணியன்தான்.

பேனா கையிலேயே நின்றது.

"சோணை, காசு வேண்டாம்னு சொல்லிட்டின்னா உன் பேரை இதுல எழுதிக்குவேன்."

"பேசின காசுய்யா அது! ரெண்டு பேரும் பேசி முடிச்சா முடிச்சதுதான்னு இம்புட்டு நேரம் சொன்னது நீங்கதான?"

"நாந்தான்" என்று ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

சோணை பையைத் துழாவினார். இருநூற்றைம்பதுதான் தேறியது. "அம்பது குறையுது. கீழ மாத்திட்டு வாரேன். இல்ல, ஜிபே பண்ணிரட்டா?"

கடை நடத்திய நாற்பது வருஷத்தில் பொழுது சாய ஒருத்தரிடமும் பாக்கி விட்டவரில்லை அவர்.

"வேணாம். அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடு."

"மறந்துருவேன்யா."

"எனக்கு மறக்காது."

ஆட்டோ சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது. பிறகு ஃபேன் சத்தம்தான். நாகசுப்பிரமணியன் எழுதினார்:

வருகை: ஒன்று.

அதற்குக் கீழே, பதிவேட்டில் இதுவரை இல்லாத ஒரு வரி:

வரவேண்டியது: சோணை, ரூபாய் ஐம்பது.