விண்ணப்பத்தில் இறந்த அப்பா

பல்கலைக்கழகத் தொழில்முனைவோர் மையத்தின் நடையில், மூடிக்கிடந்த ஒரு கதவில் சாய்ந்து நின்றிருந்தாள் பிராகோ. கதவில் ஒட்டியிருந்த காகிதம் முதுகில் பட்டுச் சரசரத்தது. எதிர் அறையில் நேர்காணல் நடந்தது. அடுத்தது அவள்.

அவள் செய்வது புருக்கினா. கம்பை அவித்து, புளித்த பாலில் கலந்து, புட்டியில் அடைத்து விற்கிற பானம். கானாவின் குமாசிச் சந்தையில் குடித்தவர்கள் சப்புக்கொட்டினார்கள். ஆனால் மூன்றாம் நாள் புட்டி உப்பிவிடும். மூடியைத் திறந்தால் வாடை ஆளைத் தூக்கும். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்துவிட்டார்கள். ஏன் கெடுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு பரிசோதனைக்கூடம் வேண்டும். இந்த மையத்தில் அது உண்டு, ஆனால் போட்டியில் தேர்வானவர்களுக்கு மட்டும்தான் என்பது எல்லோரும் சொன்ன சேதி. இன்றைக்கு இடம் கிடைக்காவிட்டால் புருக்கினாவுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் எபோ, இங்கே கூடப் படித்தவன். எந்தப் போட்டிக்கு எந்த வேஷம் என்பது அவனுக்கு அத்துப்படி. பருவநிலைப் போட்டி என்றால் புருக்கினா பூமியைக் காப்பாற்றும். இந்த வருஷம் கைப்பேசிச் செயலிக்குத்தான் மதிப்பு என்றார்கள், உடனே புருக்கினாவுக்குள் ஒரு செயலி முளைத்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வருஷம் பெண்களுக்கான போட்டி ஒன்றுக்கு அவன் எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஒரு சாவு வேணும் பிராகோ. சாவு இல்லாத கதையை எவன் கேப்பான்?" என்றிருந்தான் எபோ.

"யாரோட சாவு?"

"உங்கப்பாவைப் போட்டுடலாம்."

"அடப்பாவி! அவர் அங்க வேனுக்கு டயர் மாத்திட்டிருக்காரு."

"காகிதத்துலதானே? நல்லா நூறு வருஷம் இருப்பாரு, விடு."

அவளும் விட்டுவிட்டாள். அந்தப் போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் எபோ அதே விண்ணப்பத்தில்தான் செயலியை நுழைத்து இங்கே அனுப்பியிருந்தான். அப்பா இறந்தபடியே இருந்தார்.

அந்த அப்பாதான், ட்ரோட்ரோ என்கிற வாடகை வேன் ஓட்டும் அஜாரே, இன்றைக்குச் சவாரியையெல்லாம் விட்டுவிட்டு அவளை ஐஸ் பெட்டியோடு வாசலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

"நீங்க வேன்லயே இருங்கப்பா."

"உள்ள பெரியவங்க இருக்காங்கல்ல? வாசல் வரைக்கும் வந்துட்டு வணக்கம் சொல்லாமப் போனா என்னை மனுஷன்னு மதிப்பாங்களா?"

"இது வீடு இல்லப்பா, ஆபீஸ்."

"ஆபீஸ்ல இருக்கிறவங்க மனுஷங்க இல்லையா?"

கெஞ்சிக் கூத்தாடி அவரை வேனிலேயே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். மூன்று நடுவர்களில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் மேடம் செச்சிவா. போன வருஷப் போட்டியிலும் நடுவராக இருந்தவர். அப்பாவின் சாவைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்.

"இந்தப் பொண்ணை எனக்குத் தெரியும். அப்பாவைப் பறிகொடுத்துட்டு ஒத்தையா நிக்கிற புள்ள" என்று மேடம் மற்ற இருவரிடமும் சொன்னார். அவர்கள் முகம் இளகியது. பிராகோ பேச ஆரம்பித்தாள். சுவரில் எபோ தயாரித்துக் கொடுத்த விளக்கப் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. 'என் தந்தையின் மறைவுக்குப் பிறகு' என்று பெரிய எழுத்தில் வந்து நின்றபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அப்பா நின்றிருந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"பெரியவங்க மன்னிக்கணும். வணக்கம் சொல்லிட்டுப் போயிடுறேன்."

வலப்பக்கத்திலிருந்து முறைப்படி கைகுலுக்கிக்கொண்டு வந்தார். முதலாமவர், இரண்டாமவர். அதற்குள் அவர் கண் சுவருக்குப் போய்விட்டது. ஆங்கிலத்தை மெதுவாகத்தான் வாசிப்பார், ஆனால் வாசித்துவிடுவார். உதடு அசைவதைப் பிராகோ பார்த்தாள். செத்தோம் என்று நினைத்தாள்.

"நீங்க யாரு?" என்று அவர் கையைப் பிடித்தபடி மேடம் கேட்டார்.

அப்பா மகளைப் பார்க்கவில்லை. "இவ அப்பாவோட தம்பிங்க. அண்ணன் போனதுக்கப்புறம் நான்தான் இவளுக்கு அப்பா."

இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே தன்மீது வெறுப்பாக இருந்தது.

மேடம் அவர் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "ஒரு வருஷச் சடங்கு இன்னும் ஆகலையே? எந்தச் சனிக்கிழமைன்னு சொல்லுங்க. மையத்துல இருக்கிற அத்தனை பேரும் துணி எடுத்துக் கட்டிக்கிட்டு வந்துடுறோம்."

குமாசியைச் சுற்றிய அஷாந்திச் சீமையில் இதைச் சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்ல மாட்டார்கள். சடங்கு நடக்கும் சனிக்கிழமையில் பேருந்து பிடித்து, கருப்பு வெள்ளைத் துணியில் வந்து இறங்கிவிடுவார்கள். அப்பாவின் வாய் திறந்தது. தன் கருமாதிக்குத் தானே நாள் குறிக்கப் போகிறார் என்று புரிந்ததும் பிராகோவால் தாங்க முடியவில்லை.

"மேடம், இவர்தான் எங்கப்பா. சாகல."

மேடம் கையை உருவிக்கொண்டார். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் உனக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன்டி" என்றார். விண்ணப்பத்தைத் தட்டிக்காட்டி, "இதுல எழுதினதுல எதுதான் நிஜம்?"

"புட்டி மூணாம் நாள் உப்பிடுது மேடம். ஏன்னு தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"இங்க உனக்கு இடம் கிடையாது. அதுல பேச்சே இல்ல." மேடம் காகிதங்களை மூடினார். "ஆனா கேக்குறதுக்கு எதுக்குடி நேர்காணல்? வெளியில பரிசோதனைக்கூடத்துக் கதவுலயே ஒட்டியிருக்கே. வியாழக்கிழமையில படிக்கிறவங்க, படிச்சு முடிச்சவங்க யார் வேணாலும் வந்து சோதிச்சுக்கலாம், இலவசம். இதுவரைக்கும் ஒரு ஆள் வரல. எல்லாரும் போட்டிக்குத்தானே ஓடுறீங்க."

நடையில் அந்தக் கதவு அப்படியே இருந்தது. அவள் சாய்ந்து கசக்கிய காகிதத்தை அப்பா உள்ளங்கையால் நீவிவிட்டு, எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தார். பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். பிராகோ அழுதுகொண்டே பின்னால் போனாள்.

வேனில் ஏறிச் சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"எதுல செத்தேன்?"

"காய்ச்சல்லப்பா."

"யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"அதெல்லாம் எபோ எழுதல."

அப்பா தலையாட்டிக்கொண்டார்.

"அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருந்திருக்கு. அப்ப நான் வீணாத்தான் செத்தேனா?"

அவர் சிரிப்பார் என்று பிராகோ காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.