சஞ்சருக்கு வைத்த ஆட்டுத்தலை

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாராட்டு விழா என்றால் பேச்சாளர்களுக்குத்தான் கொண்டாட்டம். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, தலைமைப் பண்புக்கும் சமூகத் தொண்டுக்கும் விருது என்று மேடையில் துணி கட்டினார்கள். ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து முழங்கிவிட்டு, கடைசியில் சஞ்சருக்கு எங்கள் பக்கத்து மரியாதைப்படி நீல நிற சப்பான் அங்கியைப் போர்த்தினார்கள். எனக்கு ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். ஜாயிக் ஆற்றங்கரையில் அவனுக்குச் சமமாக மணல் மூட்டை சுமந்தவள் நான். வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அங்கி யாருக்கு என்று என்னைக் கேட்டிருந்தாலும் அவன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

ஏப்ரலில் ஆறு பொங்கியபோது மூட்டை தூக்க வந்த மாணவர்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சஞ்சர் ஒரு வாளியை எடுத்து நீட்டினான். "எல்லாரும் போனை இதுல போடுங்க. கரை நின்னுச்சுன்னா கரையோட போட்டோ எடுத்துக்கலாம். இப்ப எடுத்தா அது நம்ம கருமாதி போட்டோ." மறுபேச்சு இல்லாமல் போட்டார்கள். பார்வையிட வந்திருந்த பல்கலைக்கழகத் துணை ரெக்டர் ரோசா மராத்தோவ்னாகூட, ஒரு கணம் யோசித்துவிட்டு, தன் போனைப் போட்டுவிட்டு ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு எந்தத் தெருவுக்கு யார் போவது என்று அவன்தான் பிரித்தான். டிப்போ தெரு வந்ததும் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அங்க நீ போ, அக்மரால்" என்றான். ஏன் என்று போன பிறகுதான் புரிந்தது.

அங்கே ஒரு ஆள் எங்களுக்கு முன்பே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். சாராய வாடை. ஆனால் அடுக்கு நேராக இருந்தது.

"உங்க தலைவன் யாரும்மா?" என்று கேட்டார்.

"சஞ்சர். யெர்மெக் மகன் சஞ்சர்."

"யெர்மெக் என்ன பண்றாராம்?"

"அவரு செத்து ரொம்ப நாளாச்சுங்க."

கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நான்தான்மா அந்த யெர்மெக்" என்றார். அப்போதுதான் அந்த மூக்கைப் பார்த்தேன். சஞ்சருக்கு இருக்கும் அதே நீள மூக்கு. இருட்டும்வரை அவர் எங்களோடு மூட்டை சுமந்தார்.

மறுநாள் சஞ்சரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவன் அசரவில்லை. "எங்கம்மாவ நடுத்தெருவுல விட்டுட்டுப் பாட்டிலோட போன ஆளு. அப்பா எங்கேன்னு ஹாஸ்டல்ல கேட்டாங்க, செத்துட்டாருன்னேன். ஒரே வார்த்தைல கேள்வி முடிஞ்சிடுது. நீயும் முடிச்சுக்க."

முடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் உத்தரவு போடுகிறவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஓடி ஒளிகிறானே என்று ஆத்திரமாக இருந்தது.

விழா முடிந்ததும் தோகாய் கிராமத்தார் எங்களை விருந்துக்கு அழைத்துப்போனார்கள். நாங்கள் அடுக்கிய கரையால் பிழைத்த ஊர் அது. ஆடு வெட்டியிருந்தார்கள். சஞ்சரின் அம்மா குல்சிம் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, மகனின் அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். நியாயமான பெருமை. அவர் பள்ளிக்கூட அடுப்படியில் வெந்து வளர்த்த பிள்ளை.

ஊரின் மூத்தவர் நுர்கலி தாத்தா, முதல் மரியாதைக்குரிய விருந்தாளிக்கு மட்டுமே வைக்கும் வேகவைத்த ஆட்டுத்தலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். ரோசா மராத்தோவ்னா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். தாத்தா அவரைத் தாண்டிப் போனார். சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்த பத்திரிகைக்காரரையும் தாண்டி, சஞ்சரின் முன்னால் தலையை வைத்து, அதன் முகத்தை அவன் பக்கம் திருப்பினார். மீசை சரியாக முளைக்காத பயலுக்கு ஆட்டுத்தலை! கூடம் முழுக்கக் கைதட்டியது.

தலையை அறுக்கச் சொல்லித் தாத்தா கத்தியை நீட்டியபடி, கேட்க வேண்டியதைக் கேட்டார். "அப்பா இருக்காரா, தம்பி?"

தகப்பன் உயிரோடு இருக்கையில் மகன் ஆட்டுத்தலையில் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால், தகப்பனைத் தன் கையால் குழியில் இறக்கியதாகத்தான் அர்த்தம். எங்களில் தொட்டில் பிள்ளைக்கும் இது தெரியும்.

சஞ்சர் வாய் திறப்பதற்குள் ரோசா மராத்தோவ்னா முந்திக்கொண்டார். "பாவம் தாத்தா, இவன் சின்ன வயசுலயே அவரு போய்ட்டாரு."

குல்சிம் அக்காவின் தேநீர்க் கிண்ணம் பாதி வழியில் நின்றது. "யாரு சொன்னா இப்படி?" என்று என் காதில் கேட்டார். நான் ஒரு பெரிய ரொட்டித்துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன்.

சஞ்சர் கத்தியை வாங்கிவிட்டான். ஹாஸ்டலில் சொன்ன பொய் வேறு, இது வேறு. அறுத்தான் என்றால் பெற்ற அம்மாவின் கண்முன்னால் தகப்பனைக் கொன்றவன் ஆவான். அறுக்காவிட்டால், விருது வாங்கிய கையோடு பொய்யன் என்று பெயர் வாங்குவான், அதுவும் பத்திரிகைக்காரர் முன்னால். அறுக்காதடா, அறுக்காதடா என்று மனதுக்குள் கத்தினேன்.

கத்தியை மேசைமேல் படுக்க வைத்தான்.

"தாத்தா, மேடம் மேல தப்பில்ல. நான்தான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லி வச்சிருந்தேன். எங்கப்பா இருக்காரு. டிப்போ தெருவுல இருக்காரு. குடிக்கிறாரு. ஆனா இருக்காரு." வாளியை நீட்டியபோது இருந்த அதே குரல்.

யாரும் கைதட்டவில்லை. ரோசா மராத்தோவ்னா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது உனக்கில்லையேப்பா" என்று தாத்தா தட்டை எடுக்கக் கை நீட்டினார். சஞ்சர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கில்லதான். வேற யாருக்கும் வைக்காதீங்க தாத்தா. கட்டிக் குடுங்க, உரியவருகிட்ட கொண்டுபோய்ச் சேத்துடறேன்."

"விருந்துல மிச்சத்தக் கட்டிக் குடுத்திருக்கோம். முழுத் தலையக் கேட்ட மொத ஆளு நீதான்டா!" தாத்தா வயிறு குலுங்கச் சிரித்தார். ஊரும் சேர்ந்து சிரித்தது. துணி கொண்டுவரச் சொன்னார்.

மூட்டை கட்டும் இடத்துக்கு குல்சிம் அக்கா எழுந்து வந்தார். மகனைத் திட்டுவார் என்று நினைத்தேன். தன் தட்டிலிருந்த குதிரைக்கறித் துண்டுகளை எடுத்துத் தலையின் பக்கத்தில் வைத்தார். "அந்த ஆளுக்கு இது புடிக்கும். நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

டிப்போ தெருவுக்கு நானும் போனேன். வழியில் தப்பி ஓடிவிடுவானோ என்ற சந்தேகம்தான். கதவைத் தட்டியவன் ஓடவில்லை. ஆனால் கதவு திறந்ததும் மூட்டையை நீட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பனியனோடு நின்ற யெர்மெக் முதலில் நீல அங்கியைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை. நான் சஞ்சரின் விலாவில் ஒரு இடி இடித்தேன்.

"எனக்குத் தலை வச்சாங்க" என்றான். "நீங்க இருக்கும்போது நான் எப்படி அறுக்கறது?"

யெர்மெக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். வீட்டில் மேசை இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் துணியை அவிழ்த்தார். நான் என் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினேன். அதற்காவது உதவியதே!

அவர் வலது காதைச் சுத்தமாக அறுத்தெடுத்தார். காது எப்போதும் வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைக்கு. அதை மகனிடம் நீட்டினார்.

ஜாயிக் ஆற்றையே நிறுத்தியவன், புது அங்கி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். மெல்ல முடியாமல் மென்றான். கண்ணீர் அந்த நீள மூக்கின்மேல் வழிந்தது.

"மெதுவாத் தின்னுடா" என்றார் அப்பா.