லவான் தரைக்குள் இறங்கிய வருஷம்

தம்பியை அடக்கம் செய்த மறுநாள் காலை, லவான் ஸ்டென்ரூட் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது தன் சமையலறைத் தரைக்குள் கணுக்கால் வரை இறங்கினாள். விரிப்பு கிழியவில்லை, பலகை உடையவில்லை. சேற்றில் மிதித்தால் கால் இறங்குமே, அப்படி இறங்கியது. பக்கத்து வீட்டு கெர்மிட் டார்ச்சை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீழே உருளைக்கிழங்குச் சாக்கைத் தவிர ஒன்றும் இல்லை, கால்கள் அந்தப் பக்கம் வந்து சேரவில்லை என்றார். கை கொடுத்து இழுத்ததும் கால்கள் வெளியே வந்தன. காலுறை நனைந்து ஏரி வாடை அடித்தது. கெட்டில் ஏரி ஊர்க்காரர்களான நாங்கள் இதற்கெல்லாம் அதிகம் ஆச்சரியப்படவில்லை. வடக்கு மினசோட்டாக் குளிரில் மார்ச் மாதம் வரை தாக்குப்பிடித்தவர்களுக்கு ஆச்சரியப்படத் தெம்பு மிச்சம் இருக்காது.

நடந்தது இதுதான். குளிர்காலத்தில் எங்கள் பிழைப்பெல்லாம் உறைந்த ஏரியின் மேல்தான். மீன்குடிசைகளை இழுத்துப்போய் நிறுத்தி, உள்ளே அடுப்பு மூட்டி, பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவோம். ஏரிமேல் வண்டி ஓட்டலாமா என்று லவானைத்தான் கேட்போம். தூண்டில் கடை வைத்திருந்த அவள் துளையில் கம்பியை விட்டு அளந்துவிட்டு, தாங்கும் என்பாள். தாங்கும். ஆனால் பனிக்கட்டியில் இரண்டு ரகம். கறுப்புப் பனி கெட்டி. மேலே விழுந்த பனி ஈரமாகி மறுபடி உறைந்தால் வெள்ளையாக இருக்கும், அதற்குப் பாதி பலம்தான். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். அந்த மார்ச்சில், குடிசைகளைக் கரைக்கு இழுத்துவிட வேண்டிய கடைசி வாரத்தில், லவான் கம்பி காட்டிய தடிமனைப் பார்த்தாள், நிறத்தைப் பார்க்கவில்லை. "தாங்கும்டா, போ" என்று தம்பி ஆர்டனிடம் சொன்னாள். அவன் பிக்கப் வண்டியோடு போனான். மேல் பாதி முழுக்க வெள்ளைப் பனி. உடைந்துவிட்டது. வண்டியை வெளியே எடுக்க ஏரி உருகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவனை மட்டும் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கொரு பாத்திரத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம், சுற்றி நின்றோம், ஆறுதல் சொன்னோம். "உன் தப்பு இல்ல லவான்." "யாருக்கு வேணாலும் நடக்கலாம்." பாஸ்டர் நெல்ஸ்விக், ஆண்டவருடைய சித்தம் என்றார். அவர் அப்படிச் சொன்ன அன்று அவள் ஒரே மூச்சில் முழங்கால் வரை இறங்கினாள். ஒவ்வொரு ஆறுதலுக்கும் ஒரு விரற்கடை இறங்குகிறாள் என்பது ஊரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனாலும் வாயைக் கட்ட எங்களால் முடியவில்லை, வேறு என்ன பேசுவது என்று தெரியாததால். அவள் நடக்கப் பலகைகள் போட்டோம், பலகைக்குள்ளும் இறங்கினாள். கோடையில் கடையை மூடினாள். இலை உதிரும் காலத்தில் இடுப்பு வரை போனது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சமையலறை நடுவில் நெஞ்சளவு அமிழ்ந்து, கைகளைத் தரைமேல் மடித்து வைத்துக்கொண்டு, மேசையின் கால்களைப் பார்த்தபடி இருந்தாள். கீழே எப்படி இருக்கிறது என்று கெர்மிட் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குளிருது. ஒரே இருட்டு" என்றாள். "காலால துழாவிப் பாத்துட்டேன். அவன் அங்க இல்ல."

அதன் பிறகு இழுக்க வந்தவர்களிடம் கையைக் கொடுக்க மறுத்துவிட்டாள். முகவாய் தரையைத் தொட்டபோது, இனி ஒரு நல்ல வார்த்தை போதும், முடிந்தது என்று எங்களுக்குப் புரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எல்லோருக்கும்தான்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை ரோக்ஸி வந்தாள். ஆர்டனின் மனைவி. கல்லறையில் பார்த்ததோடு சரி, நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பேசாதவள். வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள்.

"பனி உடைஞ்சு ஒருத்தி உள்ள கெடக்கா. குழியச் சுத்தி மாடு மாதிரி நின்னு எட்டிப் பாக்குறீங்க. இந்த ஊர்ல பொறந்தவங்கதானே நீங்கள்லாம்?"

எங்கள் முகம் செத்துவிட்டது. ஏரியில் ஒருவர் விழுந்தால் பக்கத்தில் போய் நிற்கவே கூடாது, குப்புறப் படுத்து, பாரத்தைப் பரப்பி, ஊர்ந்துதான் போக வேண்டும். ஏரியில் நாங்கள் இதை மறந்ததே இல்லை. வீடு என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. ரோக்ஸி கோட்டோடு குப்புறப் படுத்து, வாசலிலிருந்து முழங்கையால் ஊர்ந்து, லவானின் மூக்குக்கு நேராகத் தன் மூக்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ தப்பாத்தான் சொன்ன" என்றாள்.

லவான் கண்ணை மூடினாள். இறங்கவில்லை.

"சொல்லு. என்ன பண்ண?"

"வெள்ளையப் பாக்கல ரோக்ஸி. பாத்திருக்கணும். அவசரத்துல தாங்கும்னுட்டேன். நான்தான் சொன்னேன்."

"ஆமா. நீதான் சொன்ன. நான் இன்னும் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவன் சின்ன வயசுல எப்படி இருந்தான்னு தெரிஞ்சவ நீ ஒருத்திதான்டி. நீயும் முங்கிட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்குறது? வா மேல."

"நான் இப்படித்தான் இருப்பேன். தாங்கும்னு சொன்னவளாத்தான் இருப்பேன்."

"இரு. யார் வேணாங்கறா? மேல வந்து அப்படி இரு. காலால உதை."

லவான் உதைத்தாள். நெஞ்சுக்குக் கீழே தரை முதல்முறையாகத் தாங்கியது. ரோக்ஸி அவள் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ள, நீர்நாய் கரையேறுவதுபோல வழுக்கி வெளியே வந்தாள். வந்ததும் எழுந்துவிடவில்லை, எழுந்தால் மறுபடி உடையும், உருண்டாள். அன்று மத்தியானம் வரை இருவரும் தரையில் படுத்தே கிடந்தார்கள். ஆர்டன் ஆறு வயதில் தேவாலயத்து மணிக்கயிற்றில் தொங்கி ஊரையே கூட்டிய கதையை லவான் சொன்னாள். ரோக்ஸி சிரித்தாள், பிறகு வெகுநேரம் அழுதாள். நாங்களும் சுவரோரமாக ஆளுக்கொரு இடத்தில் படுத்தோம். யாரும் ஆறுதல் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் லவான் முழுசாக மேலே வந்துவிடவில்லை. கணுக்கால் ஆழத்திலேயே நின்றுவிட்டது. மார்ச் மாதத்தில் சில நாள் முழங்கால் வரை போகும், ஏப்ரலில் திரும்பும். உயரமான ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டாள். கடையைத் திறந்தாள். ஆறேழு வருஷம் கழித்து ரோக்ஸி, பெமிட்ஜி ஊர் பஸ் டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டபோது மண்டபத்துத் தரையில் கணுக்கால் புதைய போல்கா ஆடியவள் இவள்தான். குழுவாகப் படம் எடுக்கும்போது, வெளியூர்ப் போட்டோக்காரர் ஒரு சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுமேல ஏறிக்கங்கம்மா. எல்லார் உயரத்துக்கும் வந்துடுவீங்க."

"வேணாம்பா" என்றாள் லவான். "என் உயரம் இதுதான். நீ கேமராவை இறக்கிக்க."

அவர் இறக்கினார். படத்தில் பாஸ்டரின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.